அண்ணன் கொடுத்த குடல்வாசிகள்

லிஃப்ட் மெக்கானிக்குக் கன்னம் வீங்கி நாலு நாளாகிவிட்டது. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். வீக்கம் வடிந்தால்தான் பல்லைப் பிடுங்கலாம் என்று பல் டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டை, பிரிக்கப்படாமல் கிடந்தது.

மாத்திரையால் பட்டவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன் கால் புண்ணுக்குச் சாப்பிட்ட மருந்து, குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. காலியான இடத்தில் ஒரு கெட்ட கிருமி பெருகியது. வயிற்றுப்போக்கு நிற்பதும் திரும்புவதுமாக அவரை எலும்பும் தோலுமாக்கியது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாக்களை எடுத்துக் குடலில் செலுத்துவதுதான் வழி என்றார்கள். யாருடையது பொருந்தும் என்று பார்த்த சோதனைகளில் தேறியவர் அண்ணன்.

"கஞ்சன், எதையும் குடுக்கமாட்டான்னு ஊரெல்லாம் சொன்னியேடா. இப்ப பாரு, என்னத்தக் குடுத்திருக்கேன்னு!"

அண்ணன் சொன்னதைக் கேட்டு ஆஸ்பத்திரி வார்டே சிரித்தது. சில நாளில் மெக்கானிக் எழுந்து நடந்தார்.

அந்த அண்ணன் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து, லிஃப்ட் குழிக்குள் வேலை செய்யும்போது வயிறு கடமுட என்றால் மெக்கானிக் ஸ்பேனரை அசைக்காமல் நின்றுவிடுவார். அண்ணனிடமிருந்து வந்தவற்றில் இன்னும் உயிரோடு இருப்பது இது மட்டும்தான். தன் உடம்பு என்று சொல்லிக்கொள்வதில் தன்னுடையது எவ்வளவு என்று அந்த இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. பிடிக்காத காப்பியைச் சர்க்கரை இல்லாமல், அண்ணன் குடித்தது போலவே குடிக்க ஆரம்பித்தார். "உள்ள இருக்கிறவங்களுக்குப் பழக்கம்" என்றார். மனைவி சிரிக்கவில்லை.

அவள்தான் அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணி வந்து முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, வாய்க்குள்ள பந்தை ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"மாத்திரை போட்டா அண்ணன் குடுத்ததெல்லாம் செத்துடும், அண்ணி."

"போடலைன்னா சீழ் ரத்தத்துல கலந்து நீங்க செத்துடுவீங்க. அப்புறம் அதுங்க எங்க போகும்? வாடகைக்கு வீடு பார்க்குமா?"

அன்று வைத்தியம் பார்த்த குடல் டாக்டரும் போடத்தான் சொல்லியிருந்தார். சிலது சாகும், சிலது தப்பிப் பெருகும். எது எதுவென்று சொல்ல முடியாது. பழைய நோய் திரும்பினால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மெக்கானிக் ஒரு மாத்திரையைப் பிரித்து உதட்டருகே கொண்டுபோனார். அண்ணி சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"தம்பி... எல்லாமேவா செத்துடும்?"

அண்ணன் போனதிலிருந்து வாரம் தவறாமல் வந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது எதற்கென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"சிலது தப்பிச்சிடுமாம், அண்ணி."

அவள் கை மெல்ல இறங்கியது. அவர் விழுங்கினார். மனைவி மின்விசிறியை நிறுத்தினாள். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"பசிக்குதா?" என்றாள் அண்ணி. அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை.

"பசிக்குது" என்றார் அவர்.