டாக்டரிடம் சொல்லாத கட்டி

போன வாரம் சரோஜாவின் பதினாறாம் நாள் காரியம். சரோஜா என் ஓரகத்தி. முப்பத்திரண்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள்.

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

மூன்று மாதம் முன்பு, மீஞ்சூருக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் அறுவடை. பம்புசெட்டில் குளிக்கும்போது என்னைத் தனியே அழைத்துக் காட்டினாள். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி.

"படுத்தா உள்ள பூடுதுக்கா. நெல்லுக்கட்டு தூக்கினா வெளிய வந்துடுது. யாராண்டயும் சொல்லாத."

காலில் முள் குத்தி நெறி கட்டியிருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? அவளும் நம்பினாள். அல்லது... நம்ப ஆசைப்பட்டாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கட்டி உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. உயிர் போகும் வலி, ஓயாத வாந்தி. மாட்டுவண்டியில் மீஞ்சூர் டாக்டரிடம் கொண்டுபோனோம்.

எங்கே வலி என்று கேட்டார். பக்கத்தில் அவள் கணவர், வாசற்படியில் மாமனார். சரோஜா வயிற்றைக் காட்டினாள். வேறெங்காவது கட்டி, வீக்கம் உண்டா என்றும் கேட்டார் அந்த மனிதர். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள் — அந்த அறையில் ஊமையாகிப் போனேன்.

வயிற்றுவலி மிக்ஸ்சரோடு திரும்பினோம். வியாழக்கிழமை அவளுக்கு நினைவு தப்பியது. ரயிலேற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் போய்விட்டாள்.

அந்தக் கட்டிக்குள் சிக்கிய குடல் அழுகிவிட்டதாம். வராந்தாவில் லேடி டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாக்கிழமையே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா."

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். காலில் புண் வந்தால் நெறி கட்டும்; புண் ஆறியதும் அடங்கும். இரண்டு மூன்று வாரமாகியும் அடங்காவிட்டால் காட்டிவிட வேண்டும். படுத்தால் மறைந்து, பாரம் தூக்கினால் வெளியே வருவது பெரும்பாலும் குடலிறக்கம். வலி இல்லாவிட்டாலும் அதையும் காட்ட வேண்டும். உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்துவிட்டதா? அன்றைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டாக்டரிடம் சொல்ல என்ன வெட்கம்? இதை எழுதுகிற எனக்கே அன்று நாக்கு எழவில்லையே!

ஒரு டாக்டர் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்த உடம்பை, கடைசியில் குளிப்பாட்ட வந்த பத்துப் பேர் பார்த்தோம்.