ஜெத்ரோ பிரமாலின் இரண்டாம் பாதி

ஜெத்ரோ பிரமால் கண்டக்டராக இருந்த டிராமில் ஏறினால் இறங்க மனசு வராது என்று ஹேதர்பி ஊரில் சொல்வார்கள். சீட்டைக் கிழித்துக்கொண்டே கதை விடுவார். கதை முடியவில்லையே என்று இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மழையில் நனைந்துகொண்டு திரும்பி நடந்தவர்கள் உண்டு. முழங்கால் மக்கர் பண்ணி அவர் வீட்டோடு உட்கார்ந்ததும் அந்த வாய்க்கு வேலையில்லாமல் போனது. மனைவி மார்த்தா ஒருத்தி எத்தனைதான் கேட்பாள்? பாவம், கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள்.

ரேடியோ வந்துதான் மனிதருக்கு மறுபடி உயிர் வந்தது. பேட்டரி வேண்டாத சின்னப் பெட்டி அது. கொல்லைக் கம்பத்திலிருந்து ஜன்னலுக்கு இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியை நம்பி ஓடுவது. ஹெட்போன் ஒன்றே ஒன்று, அதுவும் ஜெத்ரோவின் காதில். அதைக் கிண்ணத்துக்குள் வைத்தால் அறைக்கே கேட்குமே என்று யோசனை சொன்ன ஒருவரை அவர் அப்புறம் வீட்டுப் பக்கமே சேர்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தெருவே அவர் சமையலறையில் கூடும். ரேடியோப் பத்திரிகையில் கால்பந்து மைதானத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். ஒருவர் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பின்னாலிருந்து இன்னொரு குரல் பந்து எந்தக் கட்டத்தில் என்று எண்ணைச் சொல்லும். ஜெத்ரோ அதே கட்டங்களை மேஜை விரிப்பில் சாக்குக்கட்டியால் போட்டு, பழைய டிராம் கோட்டுப் பித்தான் ஒன்றைப் பந்தாக நகர்த்துவார். கேட்பது அவர், பார்ப்பது தெரு.

இதில் மண் விழுந்தது எதிர்வீட்டு பெர்சி லம் ஒலிபெருக்கி வைத்த பெரிய ரேடியோ வாங்கியபோதுதான். பெர்சி இன்ஷூரன்ஸ் வசூல்காரர், சட்டைக் காலர் கசங்காத ஆசாமி. காலை வழிபாடு, சமையல் குறிப்பு, நடன இசை என்று அவர் வீட்டிலிருந்து தெருக்கோடி வரை கேட்கும். "எங்க வீட்ல வந்து காதாரக் கேளுங்க. அங்க போய் ஒரு பித்தானப் பாத்துக்கிட்டு உக்காரணும்னு என்ன தலையெழுத்து?" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் கோப்பை அரையிறுதி. ஹேதர்பிக்கும் லண்டன் அணி ஒன்றுக்கும். தெரு எந்த வீட்டுக்குப் போகும் என்கிற கவலையில் ஜெத்ரோவுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

"வரலன்னா என்ன, குடியா முழுகிடும்? எனக்கு டீத்தூளாவது மிச்சம்" என்றாள் மார்த்தா.

"டீக்கா வர்றாங்க? எனக்காக வர்றாங்கடி."

"அதத்தான் இன்னிக்குப் பாக்கப் போறோமே."

வந்தார்கள். ஆனால் முன்னால் வந்த ஹன்னா சக்டன் நிபந்தனையோடு வந்தாள். கறிக்கடைக்காரர் சக்டனின் விதவை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. "பாதி ஆட்டம் உனக்கு, ஜெத்ரோ. சரிப்படலன்னா மீதி பெர்சி வீட்ல. அங்க கேக்கு வேற உண்டாம்."

முதல் பாதி சரிப்படவில்லை. பித்தான் நம் கோல் பக்கமே சுற்றிச் சுற்றி வந்து இரண்டு முறை உள்ளே போனது. இடைவேளையில் எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்தது. கொல்லைக் கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய ஹன்னா ஒவ்வொருவர் காதாகக் குனிந்து ஏதோ கிசுகிசுப்பதை ஜெத்ரோ பார்த்தார். எதிர்வீட்டுக்குக் கிளம்பத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தார்.

அவசரமாக ஹெட்போனை மாட்டினார். ஒரு சத்தமும் இல்லை. பெட்டியைத் தட்டினார், திருகினார், அழாத குறையாகத் தடவிக் கொடுத்தார். ஊஹூம். இதைச் சொன்னால் இப்போதே எழுந்து போவார்கள், போனால் திரும்பி வரமாட்டார்கள். ஜெத்ரோ பித்தானைக் கையில் எடுத்தார்.

"ஆரம்பிச்சாச்சு! மூணாங் கட்டம்!"

முதலில் வாய் குழறியது. பித்தான் ஆறாம் கட்டத்துக்குப் போனதும் பழைய டிராம் பேச்சு வந்துவிட்டது. நம் இடதுகை ஆள் இரண்டு பேரை ஏமாற்றினான். லண்டன் கோல்கீப்பர் சேற்றில் மல்லாந்தான். எங்கிருந்தோ ஒரு நாய் மைதானத்துக்குள் ஓடிவந்தது.

"என்ன நிறம் ஜெத்ரோ, அந்த நாய்?" ஹன்னா கேட்டாள்.

"பழுப்பு. அதையெல்லாங்கூட சொல்றாங்க."

அந்த நாய் கலைத்த கலைப்பில் ஹேதர்பிக்கு ஒரு கோல் கிடைத்தது. அறையில் எழுந்த கூச்சல் கூரையைப் பிய்த்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பெர்சி லம் வந்து நின்றார்.

"என் பேட்டரி தீந்துபோச்சு. எம் பொண்டாட்டி காலையிலேந்து டான்ஸ் பாட்டு கேட்டே தீத்துட்டா. என்ன ஆச்சு, சொல்லுங்களேன்!"

"உஷ்! ஒண்ணு போட்டாச்சு. உக்காருங்க" என்று யாரோ இழுத்து உட்காரவைத்தார்கள்.

ஜெத்ரோவுக்கு முதுகு வியர்த்தது. ஆனால் பெர்சியின் கண் பித்தானை விட்டு நகராததைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. இரண்டாவது கோல். கடைசி நிமிஷத்தில் மூன்றாவது. பெர்சி தொப்பியைத் தூக்கி எறிந்து, அது பட்டாணிச் சட்டிக்குள் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் ஹன்னாவைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொள்ள அவர் கை போதவில்லை.

ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பேசி ஓய்வதற்குள் தெருவில் சாயங்காலப் பத்திரிகைக்காரன் குரல் கேட்டது. "பத்திரமா எடுத்து வைக்கணும் இந்தப் பேப்பர!" என்று பெர்சி வெறுந்தலையோடு ஓடினார். திரும்பும்போது மெதுவாக நடந்து வந்தார்.

"மூணு பூஜ்யம். நாம தோத்துட்டோம்."

ஜெத்ரோ ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். கூனிக் குறுகிப்போனார். "பாதியிலேயே பெட்டி செத்துப்போச்சு. அப்புறம் வந்ததெல்லாம் நான்தான். நாயும் நான்தான். நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

ஹன்னா ஏப்ரன் பைக்குள் கைவிட்டு ஒரு சுருள் செப்புக் கம்பியை எடுத்துக் காட்டினாள்.

"கொல்லையில வழுக்கிருச்சு, ஜெத்ரோ. துணிக்கொடின்னு நெனச்சு இதப் புடிச்சேன், கையோட வந்துருச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்ல வர்றதுக்குள்ள நீ மூணாங் கட்டம்னுட்ட."

"தெரிஞ்சுக்கிட்டேவா அந்தக் கத்துக் கத்துனீங்க?"

"ரெண்டு கோல் வாங்கி நொந்து கெடந்தோம். நீ போட ஆரம்பிச்ச. யாராவது வேணாம்பாங்களா?"

பெர்சிக்கு முகம் சிவந்தது. "எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல? எந் தொப்பி! அடுத்த சனிக்கிழம பேட்டரி ரெடியா இருக்கும். உண்மைய கேக்கணும்னா எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க."

"உங்க பேட்டரி இன்னிக்கு ஒழுங்கா இருந்திருந்தா எங்களுக்கு என்ன கெடைச்சிருக்கும்? மூணு பூஜ்யம்" என்றாள் ஹன்னா.

விளக்கு ஏற்றுமுன் கட்டிவிடலாம் என்று ஜெத்ரோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கம்பிக்காகக் கையை நீட்டினார். ஹன்னா அதை மறுபடி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் ரேடியோவுல படகுப் பந்தயம்ல? இது எங்கிட்டயே இருக்கட்டும்."