விருந்தாளிக்குக் கட்டிய தார்ப்பாய்

மஞ்சக்குட்டை எஸ்டேட்டின் களத்தில் காப்பிப் பழம் காய்கிறது. பக்கத்தில், களத்துத் தார்ப்பாயையே பந்தலாகக் கட்டி, பின்லாந்துத் தூதரகத்தின் வணிக அதிகாரியை உட்கார வைத்திருக்கிறோம். அவர் நல்லபடியாக எழுதினால் இந்த எஸ்டேட் காப்பி முதல்முறையாக அவர் நாட்டுக்குப் போகும். இந்த வருகைக்கு நான்தான் பொறுப்பு; ஈரப்பத மீட்டர், மாதிரிப் பைகள், கோப்பைகள் எல்லாம் எடுத்து வந்திருக்கிறேன். மழையை மட்டும் யோசிக்கவில்லை.

தூறல் விழுந்ததும் களத்து வேலைக்காரர் செல்வி அக்கா பந்தல் கயிற்றை அவிழ்க்கிறார். பெண்கள் தார்ப்பாயை இழுத்துப்போய்க் காப்பியை மூடுகிறார்கள். அதிகாரி கோட்டோடு நனைகிறார். நான் அக்காவிடம் ஓடுகிறேன்.

“என்னக்கா, விருந்தாளி நனையறாரே?”

“அவரு நனைஞ்சா தொடச்சுக்குவாரு கண்ணு. காப்பி நனைஞ்சா பூசணம் புடிச்சுக்கும். நீ அந்த ஓரத்துல ஒரு கல்லு வை.”

அக்கா என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்கிறார். மழுப்பத் தெரியாமல் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கல்லைத் தூக்கி வந்து வைக்கிறார்.

“இவர்களிடம் தாராளமாக வாங்கலாம் என்று எழுதுகிறேன்” என்கிறார்.

அப்பாடா என்றிருக்கிறது. செல்வி அக்கா அவர் வைத்த கல்லைக் காலால் தள்ளி, சரியான இடத்தில் வைக்கிறார்.