ஆர்சி வயல்

ஜகார்த்தாவிலிருந்து தள்ளி இருக்கிற சிரந்து கிராமத்தில் வாய்க்காலுக்கு மேலே, மலையைப் பார்த்தபடி அடுக்கடுக்காக இறங்கும் நாலு துண்டு நிலத்துக்கு ஆர்சி வயல் என்றுதான் ஊரில் பெயர். பத்திரத்தில் ஹாஜி சோபந்தியின் பெயர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இருபத்து நாலு வருஷமாக அதில் இடுப்பு ஒடிய நாற்று நட்டவள் ஆர்சி. எந்த வரப்பில் நண்டு வளை போட்டிருக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று ஹாஜியைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

ஆர்சியின் சொத்து, மூங்கில் தட்டி வீடும் அதற்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு மீன் குளமும்தான். புருஷன் பந்துங் நகரத்தில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். மகள் பெக்காசியில் தொழிற்சாலை வேலைக்குப் போய், அங்கேயே ஒற்றை அறையில் குடித்தனம் பண்ணுகிறாள். அப்படியும் ஆர்சி யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அவளுக்குத்தான் செப்லோக் இருந்ததே!

அதென்ன செப்லோக்? நடவுக்குக் கூலி கிடையாது. களை எடுக்கவும் கூலி கிடையாது. நடவன்று ஒரு வேளைச் சோறும் கருவாடும் மிளகாய்ச் சம்பலும் வந்தால் அது வயல்காரர் மனசு. ஆனால் நட்ட கைதான் அறுக்கும். அறுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு நட்டவளுக்கு, அதையும் வயல்காரரே தன் கையால் அளந்து கொடுக்க வேண்டும். வேறொருத்தி அரிவாளோடு அந்த வரப்பில் கால் வைக்க முடியாது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதிக் கொடு என்று கேட்பதே அசிங்கம், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எங்கள் ஜனங்கள் மோசம் போனது அந்த இடத்தில்தான்.

ஜகார்த்தாக்காரர்களுக்குக் குளிர்ந்த காற்றில் பங்களா வேண்டியிருந்தது. முதலில் மேட்டு நிலம் போயிற்று, பிறகு தேயிலைச் சரிவு, அப்புறம் வயல். கதிர் சாய்ந்து மஞ்சள் தட்ட ஆரம்பித்த நேரத்தில் தரகன் யாயான் அளவு நாடாவும் கையுமாக ஆர்சி வயலுக்கு வந்தான். குருவி விரட்டிக்கொண்டிருந்த ஆர்சியைப் பார்த்துப் பல்லை இளித்தான்.

"இனிமே வெயில்ல காய வேண்டாங்கா. நிலம் கை மாறியாச்சு. வர்ற வியாழக்கிழமை கீழூர் ஆளுங்க வந்து அறுத்துடுவாங்க. அப்புறம் சுத்துச்சுவர் எழும்பிடும்."

"நட்டது நானு. அறுக்கறது கீழூர்க்காரனா?"

"நட்டதுக்குக் கூலி வாங்கினியா?"

"வாங்கலே. செப்லோக்குல யாரு கூலி வாங்குவா?"

"அப்ப அது ஒத்தாசை. ஒத்தாசை பண்ணினவங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு, நீயே சொல்லு."

கேட்டீர்களா நியாயத்தை! கூலி வாங்கவில்லை என்பதுதான் அவளுடைய ஒரே பத்திரம். அதையே பிடுங்கி அவள் முகத்தில் அடித்தான் பாவி. இருபத்து நாலு வருஷம் ஒருத்தி சும்மா பொழுது போகாமல் சேற்றில் குனிந்து நின்றாளாம்!

ஆர்சி நேரே ஹாஜி வீட்டுக்குப் போனாள். ஹாஜி தன் பெரிய குளத்து மீன்களுக்குத் தவிடு தூவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

"எதுனாலும் யாயான்கிட்டப் பேசிக்கம்மா. இந்த நிலத்துல வேற யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லேன்னு வாங்கின ஜகார்த்தா அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"அப்ப நான் யாரு ஹாஜியாரே?"

ஹாஜி இன்னொரு பிடி தவிடு தூவினார். மீன்கள் வாயைப் பிளந்து வந்தன.

ஆர்சி அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிற ஜாதி இல்லை. தன்னோடு சேர்ந்து நடுகிற நீனிங்கின் வீட்டுக்குப் போனாள். "வியாழன் வரைக்கும் காத்திருந்தா வயித்துல ஈரத்துணிதான்டி. நாளைக்கே அறுக்கணும்," என்றாள்.

"போலீஸ் வந்துச்சுன்னா?"

"வரட்டுமே. திருடினவ முழுசையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவா. நாம ஹாஜி பங்கை ஹாஜி வீட்லயே இறக்குவோம். எந்த ஊர்லடி திருடி அப்படிச் செய்வா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பனி விலகும் முன்பே ஆர்சியும் நீனிங்கும் நீனிங்கின் இரண்டு பெண்களும் வயலில் இறங்கினார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் மணி நன்றாக முற்றியிருக்கும். அது ஆர்சிக்கு உறுத்தியது. அரைகுறையாகப் பழுத்ததை அறுக்கும்போது, "கோவிச்சுக்காதே தாயி" என்று நெல்லைப் பார்த்து முணுமுணுத்தாள். பலகையில் அடித்துத் தூற்றி மூட்டை கட்டி, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் ஹாஜி வீட்டு முற்றத்தில் கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள்.

ஜகார்த்தா அம்மாள் மெர்லினா அன்று அங்கேதான் விருந்துக்கு வந்திருந்தாள். பொரித்த மீனும் பச்சைக் கீரையும் பாதியில் இருந்தன. யாயான் துள்ளிக் குதித்து எழுந்தான். அக்கம்பக்கத்து ஜனம் வேலியோரம் கூடிவிட்டது. ஆர்சி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வாளியை ஹாஜியின் காலடியில் வைத்தாள்.

"அளந்து குடுங்க ஹாஜியாரே. நாலு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு."

அளக்கமாட்டேன் என்று ஊர் முன்னால் ஹாஜியால் சொல்ல முடியவில்லை. எழுந்து வந்து அளந்தார். நாலு வாளி ஒரு பக்கம், ஐந்தாவது ஆர்சியின் சாக்கில்.

"இவங்களுக்கு எதுக்கு நெல்லு?" என்று மெர்லினா கேட்டாள்.

"ஏழைப்பட்ட பொம்பளைங்கம்மா," என்று ஹாஜி இளித்தார். "ஏதோ தர்மம்."

ஆர்சி தன் சாக்கைத் தூக்கி, இருந்த நெல் மொத்தத்தையும் அவருடைய குவியலில் கவிழ்த்தாள்.

"தர்மம்னா எனக்கு வேணாம். முதல்லேருந்து அளங்க. என்னன்னு சொல்லி அளங்க."

வேலியோரத்தில் யாரோ, "சொல்லுமே ஹாஜியாரே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினார்கள். மக்காவுக்குப் போய் வந்த மனிதர், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர், ஒரு சாக்கு நெல்லுக்கு முன்னால் திருடன் மாதிரி நின்றார்.

"பங்கு," என்றார் கடைசியில். "செப்லோக் பங்கு. நட்டவங்க பாத்தியதை."

"இது நீங்க கையெழுத்துப் போட்டதுல இல்லியே?" என்றாள் மெர்லினா. யாயான் அவசரமாகக் குறுக்கே விழுந்து, இந்த ஒரு தடவையோடு தீர்ந்தது என்று சமாதானம் சொன்னான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்தாள், பிறகு மீனைச் சாப்பிட்டு முடித்தாள். ஆர்சி தன் பங்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

விற்பனை நிற்கவில்லை. அப்படியெல்லாம் நின்றுவிடுமா என்ன? வியாழக்கிழமை கீழூர் ஆட்கள் அரிவாளுக்குப் பதில் செங்கல்லோடு வந்தார்கள். மேல் மூன்று துண்டில் ஓட்டு வீடும் நீச்சல் குளமும் எழும்பின. மிச்சமிருந்த அடித்துண்டை மட்டும் மெர்லினா அப்படியே விட்டு வைத்தாள். மழை தொடங்கியதும் ஆர்சிக்கும் நீனிங்குக்கும் ஆள் அனுப்பினாள்.

ஆர்சிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஒரு துண்டாவது மிஞ்சியதே! வயலில் நாற்று முடிகள் தயாராகக் கிடந்தன. ஆர்சி சேற்றில் இறங்கிக் காலால் பதம் பார்த்தாள். பழகின சேறு.

"செப்லோக்தானேம்மா?" என்றாள்.

"தினக்கூலியே குடுத்துடறேன், கொஞ்சம் கூடுதலாவே தர்றேன்," என்றாள் மெர்லினா நீச்சல் குளத்து ஓரத்திலிருந்து. நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"சரி. அறுக்கறது யாரு?"

"அறுக்கவே வேணாமே. ரூம் எடுத்துத் தங்க வர்றவங்களுக்குப் பச்சைப்பசேல்னு தெரியணும், அவ்வளவுதான். மஞ்சளாக ஆரம்பிச்சா பிடுங்கிப் போட்டுட்டு மறுபடியும் நட்டுடுங்க."

"கதிர் வந்ததுக்கப்புறமா?"

"கதிர் வந்தா குருவி வரும், குளத்துத் தண்ணியில எச்சம் போடும். அதுக்கு முன்னாடியே பிடுங்கிடுங்க."

ஆர்சி கையிலிருந்த நாற்று முடியைப் பார்த்தாள். பிறகு அதை வரப்பின் மேல் மெதுவாக வைத்தாள்.

"பழுக்கக் கூடாதுன்னு சொல்லி நெல்லை என்னால நட முடியாதும்மா. வேற யாரையாச்சும் பாத்துக்குங்க."

மெர்லினாவுக்குக் கடைசி வரை புரியவில்லை, கூலி போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னாள். நீனிங் தலையைக் குனிந்தபடி நாற்றை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டு பெண்கள், அவளை யார் என்ன சொல்ல முடியும்? ஆர்சி வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் அரிசி இன்னும் மூன்று நாளைக்குத்தான் இருந்தது.