சீட்டில் வைத்த பொட்டு

பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஐயாவின் பழைய காரில் சந்தன நிறத் தோல் சீட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, க்ரீம் தடவினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. முடித்ததும், அரிவாள்மணைக்கும் கிரைண்டருக்கும் வைத்ததுபோல ஒவ்வொரு சீட்டிலும் மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

பூஜை முடிந்து துடைத்தால் போகவில்லை. க்ரீமில் இளகியிருந்த தோல் சாயத்தைக் குடித்துவிட்டது.

"யார் பண்ண வேலை இது?" என்று ஐயா கத்தினார்.

இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

"நான்தான் சார்" என்றார் டிரைவர் பாஷா.

"நீ குங்குமம் வெச்சியா? எப்பலேர்ந்துப்பா?"

"காரு உங்களுதாச்சே சார், அதான் வெச்சேன்."

என் பக்கம் பாஷா திரும்பவே இல்லை. ஐயா அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அதற்கப்புறம்தான் சொன்னேன்: "நான் வெச்சதுங்க."

"தெரியும்மா. இவனுக்குப் பொய் சொல்லக்கூட வரல" என்று சொல்லிவிட்டு, ஐயா அந்தப் பொட்டின்மேலேயே உட்கார்ந்து கிளம்பிவிட்டார்.

இப்போதும் மாதாமாதம் க்ரீம் தடவுகிறேன். பொட்டு மங்கிக்கொண்டு வருகிறது. பாஷா திட்டு வாங்கி முடிக்கும்வரை நான் ஏன் காத்திருந்தேன் என்பதுதான் தெரியவில்லை.