மூன்று கல் காய்கள்

எவரிஸ்தோ அன்திலெஃப் தன் நிழலையே இரண்டு தடவை சோதனை போடுகிற ஆள். படகோனியாவின் கல் காட்டுக்கு அவன்தான் காவல். அங்கே ஒரு காலத்தில் நின்ற ஊசியிலை மரம் பூண்டோடு அழிந்து பல கோடி வருஷமாகிறது. எரிமலைச் சாம்பலில் புதைந்த அதன் காய்கள் மட்டும் செதிலோடு கல்லாகிக் கிடக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் திரும்பும்போது செருப்பைக்கூடக் கழற்றிக் காட்டவேண்டும்.

அந்தக் கோடையில் குடிசைக்கு எதிரே கிடந்த நெல்லிக்காய் அளவுக் காய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு வருகிற ஒரே ஆள் செத்துப்போன மனைவியின் தம்பி நெமேசியோ, பக்கத்துப் பண்ணையில் ஆடு மேய்ப்பவன். இருவரும் உள்ளே உட்கார்ந்து ஒரே சுரைக்குடுவையில் மாத்தே என்ற சூடான கசப்புத் தேநீரை உறிஞ்சுவார்கள். எவரிஸ்தோவுக்கு உறவென்று வேறு நாதியில்லை. ஆனால் சந்தேகம் உறவு பார்க்குமா?

இன்னொரு காய் மறைந்த மறுநாளே நெமேசியோவின் குடிசைக்குப் போய்ச் சேணப்பையைத் தலைகீழாக உதறினான். ஒரு வெங்காயமும் பழைய காலுறையும் விழுந்தன.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க மாப்ள?"

நெமேசியோ குடுவையை எடுத்தான். ஆறிப்போன மாத்தேயை ஊற்றி நீட்டினான். அந்த ஊரில் ஆறினதைக் கொடுத்தால், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அர்த்தம்.

ஆறு ஞாயிறு யாரும் வரவில்லை. காயும் குறையவில்லை. பார்த்தாயா என்று எவரிஸ்தோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் மாத்தே தனியாக இறங்கவில்லை.

ஏழாம் வாரம் கம்பிவேலியில் கழுத்து மாட்டி ஒரு சோய்கே செத்துக் கிடந்தது. நெருப்புக்கோழிச் சாதிப் பறவை. தீனி அரைக்கக் கல் விழுங்கும். கறிக்காக அறுத்தவன் இரைப்பையைக் கீறினான். கூழாங்கற்களோடு, செதில் தேய்ந்த மூன்று காய்கள்.

அவன் அவற்றைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். வாசலைவிட்டு அவன் அகன்றதே நெமேசியோவோடு உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம்தான். பறவைக்கு அது தெரிந்திருக்கிறது.

மூன்றையும் எடுத்துக்கொண்டு போனான். நெமேசியோ வாசலை மறித்து நின்றான்.

"கையத் தூக்குங்க மாமா. ஜேப்பக் காட்டுங்க."

காட்டினான். மூன்று காய்களும் வெளியே வந்தன.

"அடப்பாவி! திருடன் வீட்டுக்குள்ளயேதானா?"

"சோய்கே தின்னுருச்சு மாப்ள. நான் உன் பேரத் தின்னுட்டேன். மன்னிச்சிரு."

நெமேசியோ வாசலிலிருந்து விலகி வழிவிட்டான். பிறகு கெட்டிலை அடுப்பில் வைத்தான்.

நீட்டிய குடுவையை எவரிஸ்தோ பயந்துகொண்டே உறிஞ்சினான். நாக்கு சுட்டது. அழுதுவிட்டான்.