சங்குக்கு எழுந்த விருந்தாளி

ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்கு, எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த சவரக் கடையில் பேப்பரைச் சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். எல்லாம் கெட்டது அப்போதுதான்.

ராயபுரத்தில் அது வழக்கம். எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சவரத்துக்குக் காத்திருப்பவர்கள் கேட்பார்கள். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. ஞாயிறுதோறும் ஒரு நாளிதழில் புனைபெயரில் பத்தி எழுதிவந்தார். ஊருக்குத்தான் அது புனைபெயர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து, எந்த வரிக்குச் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பந்தியை எட்டிப் பார்க்கும் சமையல்காரர் முகம் அப்போது அவருக்கு.

எழுதுவதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம்: அம்மாவின் குழம்பு, பிள்ளைகளின் சண்டை. அந்த வாரம் விஷயம் எதுவும் சிக்கவில்லை. இனியும் சப்பென்று எழுதினால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். வீட்டிலோ, அம்மாவின் ஒரே தம்பி ஒளிந்திருந்தார்.

மாமா ஆலைத் தொழிலாளி. வேலைநிறுத்தத்தில் கல்லெறி நடந்து, போலீஸ் தேடியவர்களில் அவரும் ஒருவர். எறிந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதினால் தூக்கத்திலேயே எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவுவரை போவார். அங்கே நினைவு வந்து, திரும்பிப் படுப்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

கீழே வாசித்தது அதைத்தான். அப்பா பெயர் போடவில்லை. மைத்துனரைத் தூரத்து உறவினராக்கியிருந்தார். அது போதுமென்று நினைத்துவிட்டார். சிரிப்பு மாடிவரை அதிர்ந்தது. உள்ளே பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாகூட முதலில் சிரித்தார். பிறகு கை நின்றது.

“இன்னா மாமு, என்னியா எழுதிகீற?” என்று படியிலிருந்த அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா வாய் திறப்பதற்குள் கீழிருந்து ஆலை மேஸ்திரியின் குரல் வந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து நின்றாராம்.

“சங்கு ஊதுனா எந்திரிக்கிறானா? குமாஸ்தா பொஞ்சாதிக்கு ஒரே தம்பிதானே கீறான்?”

சிரிப்பு அடங்கிப்போனது. “கம்முனு குந்து மேஸ்திரி, மூஞ்சி வெட்டிக்கப் போவுது” என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். மேஸ்திரி நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

எங்கள் மாடிக்கு ஒரே படிக்கட்டுதான். அதுவும் கடை வாசலில் இறங்கும். “இன்னாய்யா செஞ்சிட்ட?” என்று அம்மா கேட்டாள். “பேரு போடலியே” என்றார் அப்பா. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். போலீஸ் வந்ததும் மாமா கையைக் கழுவிக்கொண்டார். “மேல ஏற வேணாம், நானே வரேன். பசங்க பயந்துக்கும்” என்று சொல்லி இறங்கிப் போனார்.

சிறையிலிருந்து வந்தபின் அவர் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை, ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். அப்பாவின் பெயர் பரவியது. முதல் புத்தகத்தின் முதல் கட்டுரையாக அந்தச் சங்குப் பத்தியே இருந்தது. அதன்பின் பல நூல்கள் எழுதினார். ஆனால் அவர் வீட்டிலிருக்கும்போது அம்மா எதையும் சொல்லிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது என் மகனும் பத்திரிகைக்கு எழுதுகிறான். சாப்பிடும்போது அவன் மனைவி வேடிக்கையாக எதையாவது சொன்னால், நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் கண்களைத்தான் பார்க்கிறேன்.

மாமாவைப் பிடித்துப்போன அன்று மாலை வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மாமாதான் என்று நான் ஓடினேன். பத்திரிகை ஆசிரியர், கையில் அல்வாப் பொட்டலத்தோடு மூச்சிரைக்க ஏறிவந்தார். மாமாவை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லாவிட்டால் இனிப்பு எதற்கு? அம்மா எழுந்து உள்ளே போனாள். நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

ஆசிரியர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஊரே சிரிக்குது சார்! உங்க விருந்தாளி அடுத்த வாரமும் வரணும்.”